எஸ்டோனியா புது நாடா, பழைய நாடா? ரஷ்யாவோடு சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது

கேள்வி இதுதான்: 1991-ல் சோவியத் யூனியனிலிருந்து பிரிந்த எஸ்டோனியாவுக்கும் ரஷ்யாவுக்கும் இன்றுவரை ஏன் எல்லை ஒப்பந்தம் இல்லை? அது இல்லாமலே இரண்டு நாடுகளும் எப்படிக் காலம் தள்ளுகின்றன?

முதலில் அந்தப் ‘பிரிந்த’ என்ற சொல். எஸ்டோனிய வெளியுறவுத் துறையில் யாரும் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எங்கள் நாடு 1918 பிப்ரவரி 24-ல் பிறந்தது, 1940-ல் ஆக்கிரமிக்கப்பட்டது, 1991 ஆகஸ்ட் 20-ல் சுதந்திரம் மீட்கப்பட்டது என்பார்கள். ரஷ்யா சொல்வது வேறு: 1940-ல் எஸ்டோனியா சோவியத் யூனியனில் சேர்ந்தது, 1991-ல் அதிலிருந்து புதிதாக ஒரு நாடு உண்டானது. வரலாற்று ஆசிரியர்கள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் போலத் தெரியும். ஆனால் எல்லைக் கோடு எங்கே ஓட வேண்டும், யாருக்குக் குடியுரிமை, யார் யாருக்கு இழப்பீடு தர வேண்டும் என்ற மூன்று கேள்விக்கும் விடை இந்த ஒரு தேதியைப் பொறுத்து மாறிவிடும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஸ்டோனியாவின் மக்கள்தொகை சுமார் 13.7 லட்சம். (தமிழ்நாட்டில் இந்தப் பெயர் செய்தியில் அதிகம் அடிபட்டது 2013 அக்டோபரில். தூத்துக்குடியில் பிடிபட்ட சீமேன் கார்ட் ஓஹியோ கப்பலில் 14 எஸ்டோனியர்கள் இருந்தார்கள். கீழ்நீதிமன்றம் தண்டித்த அவர்களை 2017 நவம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை விடுதலை செய்தது.) சுதந்திரப் போரை முடித்து வைத்தது 1920 பிப்ரவரி 2-ல் கையெழுத்தான தார்த்து சமாதான ஒப்பந்தம். அதில் சோவியத் ரஷ்யா எஸ்டோனியாவின் சுதந்திரத்தை நிபந்தனை இல்லாமல் ஏற்று, அந்த மண்ணின் மேல் தனக்கிருந்த உரிமைகளை என்றென்றைக்குமாகக் கைவிட்டது, 1.5 கோடி தங்க ரூபிளும் கொடுத்தது. எல்லை நார்வா ஆற்றின் கிழக்குக் கரையைத் தாண்டியும், தெற்கே பெத்செரி நகரை உள்ளடக்கியும் வரையப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் கடைசியில் ஸ்டாலின் ஆட்சி அந்த இரண்டு பகுதிகளையும் எடுத்து ரஷ்யக் குடியரசோடு சேர்த்துவிட்டது. போருக்கு முந்தைய எஸ்டோனியப் பரப்பில் அது சுமார் 5 சதவீதம். 1991-ல் இரண்டு நாடுகளுக்கும் நடுவே நின்றது இந்தச் சோவியத் கால நிர்வாகக் கோடுதான். எஸ்டோனியர்கள் அதை இன்னும் ‘கட்டுப்பாட்டுக் கோடு’ என்றுதான் சொல்கிறார்கள், ‘எல்லை’ என்று சொல்வதில்லை.

இனி ஒப்பந்தம். இழந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருப்பதால்தான் எஸ்டோனியா கையெழுத்திடவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 1990-களின் நடுவிலேயே எஸ்டோனியத் தலைநகர் தாலின் அந்தக் கோரிக்கையை மேசையிலிருந்து எடுத்துவிட்டது. இப்போதைய கோட்டையே எல்லையாக ஏற்கத் தயாரானது. சிக்கல் அரசியல் சட்டத்தில் இருக்கிறது. எஸ்டோனிய அரசியல் சட்டத்தின் 122-வது பிரிவு, நில எல்லை தார்த்து ஒப்பந்தத்தாலும் பிற சர்வதேச எல்லை ஒப்பந்தங்களாலும் தீர்மானிக்கப்படுகிறது என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. எல்லையை மாற்றும் எந்த ஒப்பந்தத்துக்கும் 101 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 68 வாக்கு வேண்டும். ஆக, தார்த்து என்ற சொல்லை எங்காவது வைத்துக் காட்டாமல் உள்ளூரில் அந்த வாக்குகளைத் திரட்டுவது கடினம். அந்தச் சொல் வந்தாலோ, ‘அப்படியானால் 1940 ஆக்கிரமிப்பு என்று நாங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், நாளைக்கு நிலமும் இழப்பீடும் கேட்பீர்கள்’ என்று மாஸ்கோ பின்வாங்கும்.

2005-ல் நடந்தது அப்படியே இதுதான். மே 18 அன்று மாஸ்கோவில் எஸ்டோனிய வெளியுறவு அமைச்சர் உர்மாஸ் பாயத்தும் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் செர்கேய் லாவ்ரோவும் கையெழுத்திட்டார்கள். ஜூன் 20-ல் எஸ்டோனிய நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. ஒப்பந்தத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஒப்புதல் சட்டத்தின் முன்னுரையில் மட்டும் தார்த்துவையும் சட்டத் தொடர்ச்சியையும் குறிப்பிட்டார்கள். அந்த முன்னுரைக்காகவே ரஷ்யா தன் கையெழுத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

2014 பிப்ரவரி 18-ல் அதே இருவர், அதே மாஸ்கோ, மறுபடி கையெழுத்து. இந்த முறை புத்திசாலித்தனமாக ஒரு வரி சேர்த்தார்கள்: இரு தரப்புக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு நிலக் கோரிக்கை இல்லை, இந்த ஒப்பந்தம் எல்லையை மட்டுமே பற்றியது. தொடர்ச்சி பற்றிய வாதத்தை அது தொடவும் இல்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. ஆனால் சில நாட்களிலேயே ரஷ்யா உக்ரைனின் கிரிமியாவில் இறங்கியது. எஸ்டோனிய நாடாளுமன்றத்தில் 2015 நவம்பரில் முதல் வாசிப்பு நடந்ததோடு சரி. ரஷ்ய நாடாளுமன்றமான தூமாவும் ஒப்புதல் தரவே இல்லை. இது நிறைவேறியிருந்தால் தரையில் மாறியிருக்கக்கூடியது மிகக் கொஞ்சம்: சரிக்குச் சரியாக 128.6 ஹெக்டேர் நிலமும், எல்லையில் உள்ள பெய்ப்சி ஏரியில் 11.4 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பும் கைமாறும். அவ்வளவே.

அந்த நில மாற்றத்தில் பெரிய துண்டு ‘சாட்சே பூட்ஸ்’. வரைபடத்தில் பூட்ஸ் காலைப் போல எஸ்டோனியாவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சுமார் 115 ஹெக்டேர் ரஷ்யக் காடு. வர்ஸ்காவிலிருந்து சாட்சே கிராமத்துக்குப் போகும் எஸ்டோனியச் சாலை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரம் இந்தக் காலணிக்குள் நுழைந்து வெளியே வருகிறது. சோவியத் காலத்தில் அது மாவட்டக் கோடு மாதிரிதான், யாரும் கண்டுகொள்ளவில்லை. 1991-க்குப் பிறகு அங்கே ஒரு வினோத ஏற்பாடு: விசா வேண்டாம், சோதனை இல்லை, காரில் போகலாம், ஆனால் நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, நடந்து போகவும் கூடாது. காளான் கண்ணில் பட்டு இறங்கினால் சட்டவிரோத எல்லைக் கடப்பு! முப்பது வருடத்துக்கும் மேலாக இது ஓடியது. 2025 அக்டோபரில் வழக்கத்துக்கு மாறாக ஆயுதம் தாங்கிய ரஷ்யக் குழு ஒன்று அந்தச் சாலையில் நிற்பதைப் பார்த்ததும் எஸ்டோனியா தன் பக்கம் சாலையை மூடிவிட்டது. சுற்றுப் பாதை போட்டால் பயணம் நீளும், ஆனால் ஒரு சிறு நாடு தன் குடிமக்களின் தினசரி வழியை அடுத்தவர் பொறுமையின் மேல் விட்டு வைக்க வேண்டியதில்லை. என் கணக்கில் அது பத்து வருடம் முன்னாலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

ஒப்பந்தம் இல்லாதபோது எது பழுதாகும் என்பதற்கு இன்னும் நல்ல உதாரணம் நார்வா ஆறு. 300 கிலோமீட்டரை ஒட்டிய இந்த எல்லையில் பாதிக்கு மேல் ஆறும் ஏரியும். ஆற்றின் அடி மணலாக இருப்பதால் ஆழமான ஓட்டப் பாதை வருடா வருடம் கொஞ்சம் நகரும். அதனால் ஒவ்வொரு வசந்தத்திலும் எஸ்டோனியா அளந்து, மிதவைகளின் இடத்தை ரஷ்யாவிடம் சொல்லி, ஒப்புதலோடு போடுவது வழக்கம். படகிலும் மீன்பிடிக்கவும் போகிறவர்கள் தெரியாமல் அடுத்த நாட்டுக்குள் போய் மாட்டாமல் இருக்கத்தான் இந்த மிதவைகள். 2023-ல் ரஷ்யா ஒப்புதல் தர மறுத்தது. 2024-ல் எஸ்டோனியா சுமார் 250 மிதவைகளைப் போடத் திட்டமிட்டது. அதில் ஏறக்குறைய பாதியின் இடத்தை ரஷ்யா ஏற்கவில்லை. முதல் 50-ஐப் போட்டார்கள். மே 23 அதிகாலை ரஷ்ய எல்லைக் காவலர்கள் வந்து 24-ஐ எடுத்துக்கொண்டு போனார்கள். முறையான எல்லை ஒப்பந்தமும், அதற்குக் கீழே கூட்டு எல்லைக் குறிப்பு ஆணையமும் இருந்திருந்தால் இது இரண்டு நில அளவையாளர்கள் பேசி முடிக்கும் காரியம்.

கீழ்மட்டத்தில் இரு பக்கமும் ‘எல்லைப் பிரதிநிதி’ என்று ஒரு பதவி உண்டு. பசு தாண்டிப் போனால், படகு வழி தவறினால் அவர்கள்தான் சந்தித்துப் பேசி முடிப்பார்கள். அந்த ஏற்பாட்டின் பலமும் வரம்பும் ஒரே நாளில் தெரிந்த சம்பவம் ஒன்று. 2014 செப்டம்பர் 5-ல் லுஹாமா சாவடிக்குப் பக்கத்தில், எஸ்டோனிய உள்நாட்டு உளவுத் துறை அதிகாரி எஸ்டன் கோவரை ரஷ்ய உளவுத் துறையினர் ரேடியோவை முடக்கி, புகைக் குண்டு வீசி இழுத்துப் போனார்கள். அமெரிக்க அதிபர் ஒபாமா தாலினுக்கு வந்து போய் இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. எல்லைப் பிரதிநிதி ஏற்பாட்டின்படி இரு நாட்டு எல்லைக் காவலர்களும் இடத்தைச் சேர்ந்து பார்த்து, தடங்கள் எஸ்டோனியப் பக்கத்திலிருந்து ரஷ்யப் பக்கம் போயிருக்கின்றன என்று ஒரே காகிதத்தில் கையெழுத்தும் போட்டார்கள். அப்புறம் மாஸ்கோ, கோவரை ரஷ்ய மண்ணில் வைத்தே பிடித்தோம் என்று சொல்லி, 2015 ஆகஸ்டில் 15 ஆண்டு சிறை கொடுத்தது. அடுத்த மாதம் பியூசா ஆற்றுப் பாலத்தில் வேறொரு உளவாளிக்கு ஈடாக மாற்றிக்கொண்டார்கள். கீழே போட்ட கையெழுத்து மேலே செல்லுபடியாகவில்லை. எல்லையை மரங்களை வெட்டித் திறந்து, வேலியும் கேமராவும் வைக்கும் வேலையை எஸ்டோனியா மும்முரமாக எடுத்தது இதற்குப் பிறகுதான்.

குடியுரிமைக்கு வருவோம். ‘பழைய நாடு தொடர்கிறது’ என்றால், அதன் குடிமக்களும் பழையவர்களே. 1992-ல் எஸ்டோனியா தன் 1938-ம் ஆண்டுச் சட்டத்தை மறுபடி நடைமுறைக்குக் கொண்டுவந்தது: 1940 ஜூன் 16-க்கு முன் குடிமக்களாக இருந்தவர்களும் அவர்கள் வாரிசுகளும் தானாகவே குடிமக்கள். சோவியத் காலத்தில் வந்து குடியேறியவர்கள், அங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகள் உட்பட, மொழித் தேர்வும் அரசியல் சட்டத் தேர்வும் எழுதி விண்ணப்பிக்க வேண்டும். அன்றைக்கு மக்கள்தொகையில் சுமார் 32 சதவீதம் பேர் எந்த நாட்டுக்குடிமகன் என்று உறுதி இல்லாமல் நின்றார்கள். அவர்களுக்குக் கொடுத்த அயலார் பாஸ்போர்ட்டின் நிறம் சாம்பல். பேச்சு வழக்கில் ‘சாம்பல் பாஸ்போர்ட்’. இப்போது அந்தக் கூட்டம் 5 சதவீதம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. பலர் எஸ்டோனியக் குடியுரிமை வாங்கினார்கள், கணிசமானவர்கள் ரஷ்யக் குடியுரிமை வாங்கினார்கள், மற்றவர்களுக்கு வயதாகிவிட்டது.

சாம்பல் பாஸ்போர்ட்டை ஏன் இத்தனை பேர் மாற்றிக்கொள்ளவில்லை? தேர்வு கடினம், மனத்தாங்கல் என்ற இரண்டும் உண்மை. ஆனால் மூன்றாவது காரணம் வசதி. 2008-ல் அதிபர் மெத்வெதேவ் போட்ட ஆணையால் எஸ்டோனிய, லாத்வியச் சாம்பல் பாஸ்போர்ட்காரர்கள் விசா இல்லாமல் ரஷ்யா போக முடிந்தது. தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளுக்கும் (ஷெங்கன்) விசா வேண்டாம். எஸ்டோனியக் குடிமகனுக்குக்கூட இல்லாத சலுகை! எஸ்டோனியா இவர்களை அணைத்துக்கொள்ள முயன்ற வேகத்துக்கு இது ஒரு தடைக்கல்லாக இருந்தது. உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையும் இவர்களுக்கு இருந்தது. 2025 மார்ச்சில் அரசியல் சட்டத்தைத் திருத்தி, ரஷ்ய, பெலாரஸ் குடிமக்களின் அந்த உரிமையை உடனே எடுத்தார்கள். சாம்பல் பாஸ்போர்ட்காரர்களுக்கு 2025 அக்டோபர் தேர்தலே கடைசி. 95 சதவீதத்துக்கு மேல் ரஷ்யன் பேசும், எல்லை நகரமான நார்வா போன்ற ஊரில் இதன் விளைவு சின்னதல்ல. பாதுகாப்பு வாதத்தில் நியாயம் இருந்தாலும், அங்கேயே பிறந்து வளர்ந்த ஐம்பது வயதுக்காரரிடம் நகராட்சி வாக்கைப் பறிப்பது மாஸ்கோவின் பிரசாரத்துக்குக் கையில் எடுத்துக் கொடுத்த மாதிரி என்பது என் கருத்து.

2007 ஏப்ரலில் தாலின் நடுவிலிருந்த சோவியத் வீரர் சிலையை ராணுவக் கல்லறைக்கு மாற்றியதும், இரண்டு இரவுக் கலவரமும், வாரக்கணக்கில் நீடித்த இணையத் தாக்குதலும் எல்லோருக்கும் தெரிந்த கதை. நேட்டோவின் இணையப் பாதுகாப்பு மையம் 2008-ல் தாலினில் அமைந்தது; அதற்கான பேச்சு அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தாலும் வேகம் கொடுத்தது அந்தத் தாக்குதல். கவனிக்க வேண்டியது வேறு: அதன் பிறகு ரஷ்ய எண்ணெயும் நிலக்கரியும் எஸ்டோனியத் துறைமுகங்கள் வழியாகப் போவது மளமளவெனக் குறைந்தது. சிலைக்காக வந்த தண்டனை என்று அன்று சொன்னார்கள். பாதி உண்மை. பால்டிக் நாடுகளின் (எஸ்டோனியா, லாத்வியா, லித்துவேனியா) துறைமுகங்களை நம்பியிருக்கக் கூடாது என்று ரஷ்யா 2000-களின் தொடக்கத்திலிருந்தே தன் மண்ணில் பிரிமோர்ஸ்க், உஸ்த் லூகா துறைமுகங்களைக் கட்டிக்கொண்டிருந்தது. சரக்கு எப்படியும் போயிருக்கும், சிலை அதை விரைவுபடுத்தியது. இதற்கு முன் 1994-லிருந்து ரஷ்யா எஸ்டோனியப் பொருள்களுக்கு இரட்டைச் சுங்க வரி போட்டதும் எதிர்விளைவையே தந்தது. எஸ்டோனிய வியாபாரம் பின்லாந்து, ஸ்வீடன் பக்கம் திரும்பியது. 2004-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் அந்த வரி தானாகப் போயிற்று.

அறுக்க அதிக நாள் பிடித்த கயிறு மின்சாரம். 1994 ஆகஸ்ட் 31-ல் ரஷ்யப் படை போனது. 2022 மே மாதத்தோடு ரஷ்ய மின்சாரம் வாங்குவதும் நின்றது, அந்த ஆண்டு முடிவில் ரஷ்ய எரிவாயுவும் நின்றது. ஆனாலும் எஸ்டோனிய மின்தொகுப்பின் அதிர்வெண்ணை மாஸ்கோதான் நிர்வகித்தது. ஒரு யூனிட்கூட வாங்காவிட்டாலும் கம்பிகள் ஒன்றாகக் கட்டியிருக்கும்வரை எல்லா ஜெனரேட்டர்களும் ஒரே 50 ஹெர்ட்ஸ் தாளத்தில் சுழல வேண்டும். ஒரு நிலையம் திடீரென நின்றால் அதிர்வெண் இறங்கும். அதைத் தாங்கிப் பிடிக்கும் கனமான சுழற்சி பெரும்பாலும் ரஷ்யப் பக்கம் இருந்தது. மாஸ்கோ ஒருநாள் சொல்லாமல் இணைப்பை வெட்டினால் என்ன ஆகும் என்பதுதான் பல வருடப் பயம்.

அதற்கு வேண்டியிருந்தவை மூன்று. முதலாவது, ஐரோப்பியத் தொகுப்போடு சேர ஒரு மாறுதிசை (ஏசி) மின்பாதை. அது லித்துவேனியா, போலந்து வழியாக மட்டுமே உண்டு. பின்லாந்திலிருந்து வரும் எஸ்ட்லிங்க் கடல் கேபிள்கள் நேர்திசை (டிசி) என்பதால் மின்சாரம் தரும், தாளத்தைத் தராது. இரண்டாவது, சுழற்சிக் கனம். பூசி, வீரு, கீசா என்ற மூன்று இடங்களில் சின்க்ரனஸ் கண்டென்சர்களை நிறுவினார்கள். மின்சாரம் உற்பத்தி செய்யாமல், கனத்த சுழலியைச் சுற்றிக்கொண்டே தொகுப்பைத் தள்ளாடாமல் பிடிப்பதே இவற்றின் வேலை. மூன்றாவது, சில நொடிகளில் கூட்டிக் குறைக்கக்கூடிய கையிருப்பு மின்திறன். 2024 ஜூலையில், பெலாரஸையும் ரஷ்யாவையும் சேர்த்த பழைய உடன்பாட்டைப் புதுப்பிக்க மாட்டோம் என்று மூன்று பால்டிக் நாடுகளும் முறைப்படி நோட்டீஸ் கொடுத்தன. 2025 பிப்ரவரி 8 காலை கம்பிகள் பிரிக்கப்பட்டன. அன்றும் மறுநாள் பகலும் மூன்று நாடுகளும் தனித் தீவாக ஓடின. பிப்ரவரி 9-ல் போலந்துப் பாதை வழியாக ஐரோப்பாவோடு இணைந்தன. விளக்கு அணையவில்லை. பிரித்த முறை ஒழுங்காகவே இருந்தது, ரஷ்யப் பக்கமும் தொல்லை தரவில்லை. லித்துவேனியாவுக்கும் போலந்துக்கும் நடுவே இருக்கும் ரஷ்யத் துண்டு நிலமான கலினின்கிராதும் அன்றே தனித்துவிடும் என்பதால் அவர்களுக்கும் ஒழுங்கு தேவைப்பட்டது. விலை என்னவென்றால், கையிருப்பு மின்திறனுக்கான சந்தை விலை உடனே எகிறியது. பலவீனம் என்னவென்றால், அந்த ஒற்றைப் போலந்துப் பாதை. அதற்கு ஆறே வாரம் முன், 2024 டிசம்பர் 25-ல், ரஷ்ய எண்ணெய் ஏற்றிய ஈகிள் எஸ் கப்பலின் நங்கூரம் இழுபட்டு 650 மெகாவாட் எஸ்ட்லிங்க் 2 அறுந்திருந்தது.

இதில் ஒரு முரண். நார்வா நீர்த்தேக்கத்தின் நீர்மின் நிலையம் ரஷ்யக் கரையில்; அதே தேக்கத்துத் தண்ணீரைக் குளிரூட்ட எடுப்பவை எஸ்டோனியாவின் எண்ணெய்ப்பாறை எரிக்கும் மின்நிலையங்கள். மின்கம்பியை வெட்டலாம், தண்ணீரை வெட்ட முடியாது. பெய்ப்சி ஏரி மீனும் அப்படித்தான்: கோட்டைத் தெரிந்துகொண்டு நீந்துவதில்லை. 1994-ல் போட்ட மீன்வள உடன்பாட்டின் கீழ் யார் எத்தனை டன் பிடிக்கலாம் என்று ஒதுக்குவது அதனால்தான்.

இப்போது உரசல் நிலத்தைவிடக் கடலிலும் வானிலும் அதிகம். பின்லாந்து வளைகுடா குறுகலானது. எஸ்டோனியாவும் பின்லாந்தும் தங்கள் கடல் எல்லையை முழுவதும் நீட்டினால் நடுவில் சர்வதேசக் கடலே மிஞ்சாது. எனவே 1994-ல் இருவரும் விட்டுக்கொடுத்து நடுவில் குறைந்தது ஆறு கடல் மைல் அகலப் பாதை விட்டார்கள். பீட்டர்ஸ்பர்கிலிருந்து கலினின்கிராதுக்குப் பறக்கும் ரஷ்ய ராணுவ விமானங்கள் இந்தச் சந்துக்கு மேல்தான் போக வேண்டும். பயணத் திட்டம் தராமல், விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவியை அணைத்துவிட்டு, தாலின் கட்டுப்பாட்டு அறைக்குப் பதில் சொல்லாமல் போனால் சின்ன வளைவுகூட அத்துமீறலாகும். எஸ்டோனியாவின் வைந்த்லோ தீவுப் பக்கம் இப்படிச் சில நொடி உரசல்கள் பல வருடமாக உண்டு. 2025 செப்டம்பர் 19-ல் மூன்று ரஷ்ய மிக் 31 போர் விமானங்கள் 12 நிமிடம் உள்ளே இருந்தன. அது வழி தவறும் நேரம் இல்லை. உறுப்பு நாடு ஒன்று அச்சுறுத்தலை உணர்ந்தால் மற்றவர்களைக் கூடிப் பேச அழைக்கலாம் என்ற நேட்டோவின் நான்காம் பிரிவின் கீழ் எஸ்டோனியா ஆலோசனை கேட்டது.

தூதரக மட்டத்தில் மிச்சம் இருப்பது எலும்புக்கூடு. 2022 ஏப்ரலில் பீட்டர்ஸ்பர்க், பிஸ்கோவ் ஊர்களில் எஸ்டோனிய அலுவலகங்களும், நார்வா, தார்த்து ஊர்களில் ரஷ்ய அலுவலகங்களும் மூடப்பட்டன. 2023 ஜனவரியில் ரஷ்யத் தூதரக ஆள்கணக்கைத் தன் கணக்குக்குச் சமமாகக் குறைக்கச் சொன்னது எஸ்டோனியா. பதிலுக்கு மாஸ்கோ எஸ்டோனியத் தூதரை வெளியேற்றியது. தாலினும் அதையே செய்தது. அன்றிலிருந்து இரு பக்கமும் தூதர் இல்லை, பொறுப்பு அதிகாரி மட்டும். உறவு முறியவில்லை, தரம் இறக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் ஆட்கள் போக்குவரத்து நிற்கவில்லை. நார்வாவிலும், ஆற்றின் ரஷ்யக் கரையிலுள்ள இவான்கொரோதிலும் எதிரெதிராக நிற்கும் இரண்டு கோட்டைகளுக்கு நடுவே உள்ள பாலத்தில், ரஷ்யா தன் சாவடியைப் புதுப்பிக்கிறேன் என்று 2024 பிப்ரவரி 1 முதல் வண்டிகளை நிறுத்தியது. மே மாதத்திலிருந்து எஸ்டோனியா இரவு 11 முதல் காலை 7 வரை தன் கதவை மூடுகிறது. ஆகஸ்டில் முழுச் சுங்கச் சோதனையும் வந்தது. பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும், சொந்தப் பயணச் செலவுக்கு மேல் யூரோ நோட்டுக் கட்டு இருந்தால் எடுத்துப் போக முடியாது. தாலினிலிருந்து பீட்டர்ஸ்பர்க் போகும் பேருந்துகள் பயணிகளை நார்வாவில் இறக்கிவிடுகின்றன. அவர்கள் வரிசையில் நின்று, சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு பாலத்தை நடந்து கடந்து, அந்தப் பக்கம் வேறு பேருந்தில் ஏறுகிறார்கள்.